வேட்டையாடியை எடுத்துவிட்டால் மற்றவை செழிக்காது

"நட்சத்திர மீன்களைக் கடற்கரைப் பாறைகளிலிருந்து அகற்றிவிட்டால் மற்ற உயிர்கள் எல்லாம் நிம்மதியாகப் பெருகும்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, ஆனால் தவறு. இதை நேரிலேயே செய்து பார்த்துவிட்டார்கள்.

1963-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், மக்கா விரிகுடாவில், ராபர்ட் பெயின் என்ற உயிரியலாளர் ஏறக்குறைய 8 மீட்டர் நீளமுள்ள ஒரு பாறைப் பகுதியிலிருந்து நட்சத்திர மீன்களைப் பெயர்த்தெடுத்துக் கடலில் வீசினார், அவை திரும்பி வரவர மறுபடியும் வீசினார். பக்கத்துப் பகுதியைத் தொடவில்லை. 1966-இல் அவர் வெளியிட்ட கட்டுரைப்படி, அகற்றிய இடத்தில் 15 இனங்கள் 8 ஆகக் குறைந்துவிட்டன!

காரணம் மட்டிகள். பாறையில் இடத்துக்கு நடக்கும் போட்டியில் அவற்றை வெல்ல ஆளில்லை. கொட்டலசு (பாறையில் ஒட்டி வாழும் சிறு ஓட்டுயிர்), பாசி என்று எது ஒட்டியிருந்தாலும் மேலே படர்ந்து மூடிவிடும். நட்சத்திர மீன் தன் குழாய்க்கால்களால் மட்டியின் ஓட்டைப் பற்றி இழுத்து, மயிரிழை இடைவெளி கிடைத்தாலே தன் இரைப்பையை வெளியே நீட்டி உள்ளே நுழைத்து, அங்கேயே செரித்துத் தின்னும். அப்படிக் காலியாகும் இடத்தில்தான் மற்றவை பிழைத்தன.

சரி, எல்லா வேட்டையாடிக்கும் இது பொருந்துமா? பொருந்தாது. போட்டியில் ஜெயிக்கிற இனத்தையே அது அதிகம் தின்றால்தான் இப்படி நடக்கும். அதனால் தயவுசெய்து அந்த வரியைத் திருத்திவிடுங்கள், படிக்கிற பிள்ளைகளும் இங்கே இருக்கிறார்கள்.