எம்.டி. ஸ்போர்ட்ஸ் மெடிசின் படித்தவர் ஆபரேஷன் செய்வாரா?

அண்ணா, 'எம்.டி. ஸ்போர்ட்ஸ் மெடிசின் எடுத்தால் போதும், தில்லி சப்தர்ஜங் மருத்துவமனையில் முழங்கால் ஆபரேஷன் செய்யும் உதவிப் பேராசிரியர் ஆகிவிடலாம்' என்று எழுதியிருக்கிறீர்கள். தில்லியில் மருத்துவ மேற்படிப்புக்கான நீட் பி.ஜி. தேர்வுக்குப் படிக்கும் நம் பிள்ளைகள் இதை நம்பி இடம் தேர்வு செய்துவிடக் கூடாது. இது சரியில்லை.

எம்.டி. ஸ்போர்ட்ஸ் மெடிசின் அறுவை சிகிச்சைப் படிப்பே அல்ல. தசைக் காயம், விளையாட்டில் தலையில் படும் அடி, உடற்பயிற்சித் திட்டம், ஊக்கமருந்து விதிகள், அடிபட்டவர் எப்போது மறுபடி களமிறங்கலாம் என்ற முடிவு, இவையெல்லாம் அவர்கள் வேலை. பெரிய வேலைதான், குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் முழங்காலுக்குள் இருக்கும் ஏ.சி.எல். என்ற லிகமென்ட் (எலும்புகளை இணைக்கும் நார்) அறுந்தால், தொடைத் தசையின் நாணை எடுத்து ஆர்த்ராஸ்கோப்பி (சிறு துளை வழியாகக் கேமரா விட்டுச் செய்யும் மூட்டு ஆபரேஷன்) வழியாகப் புதிதாகப் பொருத்துகிறவர், எலும்பு-மூட்டு அறுவை சிகிச்சைப் படிப்பான எம்.எஸ். ஆர்த்தோ அல்லது டி.என்.பி. ஆர்த்தோ முடித்தவர். ஆர்த்ராஸ்கோப்பி ஃபெலோஷிப் என்ற கூடுதல் பயிற்சி எல்லாம் அதற்கு அப்புறம்தான். வெளிநாட்டு ஃபெலோஷிப் கைத்திறனைக் கூட்டும், ஆர்த்தோ பட்டத்துக்கு ஈடாகாது.

சப்தர்ஜங் விளையாட்டுக் காய மையம் 2010 காமன்வெல்த் போட்டியையொட்டி வந்தது. அது மத்திய அரசு மருத்துவமனை. மத்திய சுகாதாரப் பணியின் உதவிப் பேராசிரியர்களை யு.பி.எஸ்.சி. தேர்வு செய்கிறது. பட்டத்துக்குப் பிறகு சீனியர் ரெசிடென்ட் போன்ற பணியில் 3 ஆண்டு அனுபவம் கேட்பார்கள். எய்ம்ஸ் தன் பணியிடங்களுக்குத் தனியாக விளம்பரம் கொடுக்கும்.

உங்கள் அக்கா மகனுக்கு ஆபரேஷன் தியேட்டர்தான் ஆசை என்றால், கவுன்சிலிங்கில் ஆர்த்தோவை முதலில் போடச் சொல்லுங்கள்.