'திரும்பினோம்' என்றுதான் எழுதினேன்

நேற்று முன்தினம் நான் போட்ட பெரு நாட்டுப் படங்களுக்குக் கீழே வந்த, நாங்கள் மலையில் பாதியில் திரும்பியதைக் கேலி செய்யும் அந்த ஒற்றை வரியை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சிலர் சிரிப்புப் பொம்மையும் போட்டிருக்கிறீர்கள். எண்ணிப் பார்த்தேன், 43. மச்சு பிச்சு என்ற பழைய இன்கா மலைநகரத்துக்கு நாங்கள் நடக்கப் போன இன்கா பாதையின் நீளமும் ஏறத்தாழ 43 கிலோமீட்டர்தான். கிலோமீட்டருக்கு ஒரு சிரிப்பு என்று கணக்கு நேராகிவிட்டது.

பதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதியவர் என் பிறந்த வீட்டுப் பக்கத்துப் பெரியவர், எனக்குச் சித்தப்பா முறை. நல்ல மனிதர். மாப்பிள்ளையைச் சீண்டுவதாக நினைத்து வேடிக்கையாக எழுதியிருப்பார். எல்லாம் புரிகிறது. புரிந்த பிறகும் இன்று காலை அடுப்பில் பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே நின்றிருந்தேன். அப்புறம்தான் உட்கார்ந்து எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது.

முதலில், இறங்கியது சரி. அதில் எனக்குத் துளியும் வருத்தமில்லை.

இன்கா பாதையில் நினைத்தவுடன் போய் நடந்துவிட முடியாது. உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். சுமைதூக்குபவர்கள், வழிகாட்டிகள் எல்லோரையும் சேர்த்தே ஒரு நாளைக்கு 500 பேருக்குத்தான் அனுமதி. பிப்ரவரி முழுக்கப் பராமரிப்புக்காக மூடிவிடுவார்கள். பல மாதங்களுக்கு முன்பே பாஸ்போர்ட் எண்ணோடு பதிவு செய்ய வேண்டும். வேறொருவருக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. ரயில் பாதையின் 82-ஆவது கிலோமீட்டரில் இருக்கும் சாவடியில் பெயரையும் எண்ணையும் ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் பாலத்தைத் தாண்ட விடுகிறார்கள். "அவ்வளவு பணத்தையும் தண்டமாக்கிவிட்டீர்களே" என்று கேட்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். ஆமாம், போய்விட்டது. அதில் பாதி என் சம்பளம். உங்களைவிட எனக்கு அதிகம் வலிக்கும் என்றாவது நம்புங்கள்.

முதல் நாள் சுகமான நடை. ஆற்றோரம், கள்ளிச்செடிகள், தூரத்தில் பனி போர்த்திய சிகரம். இரவு வய்யபம்பா என்ற சிற்றூரில் கூடாரம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,000 மீட்டர். மறுநாள் அங்கிருந்து 4,215 மீட்டர் கணவாய் வரைக்கும் ஒரே ஏற்றம். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் பத்தில் ஆறு பங்குதான். படிக்கும்போது வெறும் எண்தான். அங்கே காலணியின் நாடாவைக் குனிந்து கட்டிவிட்டு நிமிர்ந்தால், மாடிப்படியில் ஓடி வந்தது போல மூச்சு வாங்கும்.

சுமார் 3,800 மீட்டரில் ஒரு புல்வெளி. எல்லோரும் இளைப்பாறுகிற இடம். அங்கே எங்களில் ஒருவருக்குக் காலையிலிருந்து இருந்த தலைவலி வாந்தியாக மாறியது. இரண்டு முறை. வழிகாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டுகிற ஆக்சிமீட்டரை விரலில் மாட்டிப் பார்த்தார்: 71. முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளாமல், கையிலிருந்த ஊன்றுகோலால் ஈரமண்ணில் நேராக ஒரு கோடு கிழித்தார். ஒரு காலின் குதிகால் மற்றதன் விரலைத் தொடும்படி கோட்டின் மேலேயே நடக்கச் சொன்னார். முதல் அடி சரி. இரண்டாவது சரி. மூன்றாவதில் கை இரண்டும் தானாக விரிந்தன. நாலாவது அடி கோட்டுக்கு வெளியே, பள்ளத்தின் பக்கமாக விழுந்தது. வழிகாட்டி ஊன்றுகோலை மடக்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான், பேச்சு முடிந்துவிட்டது.

வெறும் தலைவலி என்றால் மேலே ஏறாமல் அங்கேயே ஓர் இரவு தங்கிப் பார்க்கலாம். நடை தடுமாறினால் மூளையில் நீர் கோக்கத் தொடங்கியிருக்கலாம். அதற்கு முதல் மருந்து இறக்கம். ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது. இது வீம்புக்கும் மன உறுதிக்கும் கட்டுப்படுகிற நோய் அல்ல. தினமும் ஓடுகிறவருக்கும் வரும், ஓடாதவருக்கு வராமலும் போகும். ஆகவே மீண்டும் சொல்கிறேன், இறங்கியது சரி.

"நீ இறங்கிக்கொண்டு, அவரை மட்டுமாவது மேலே அனுப்பியிருக்கலாமே" என்று ஒரு தோழி தனியாகச் செய்தி அனுப்பியிருந்தாள். இந்தக் கேள்விக்குள் ஒளிந்திருக்கும் ஊகத்தைப் பற்றிப் பிறகு பேசுகிறேன். இப்போதைக்கு இதுதான் பதில். துணை வழிகாட்டி ஒருவர் எங்களோடு கீழே வந்தார். எனவே ஒருவர் மட்டும் தொடர்ந்து போயிருக்கலாம் என்பது உண்மை. போயிருந்தால் மூன்றாம் நாள் அந்த அழகான படிக்கட்டுகளில் நின்று, கூடாரத்தில் விட்டு வந்த ஆள் மூச்சு விடுகிறாரா என்று யோசித்துக்கொண்டே படம் எடுத்திருக்க வேண்டும். நாங்கள் ஒன்றாகத்தான் பை தூக்கிக்கொண்டு கிளம்பினோம்.

"ரயிலில் போய் மச்சு பிச்சுவைப் பார்த்திருக்கலாமே?" இதைக் குறைந்தது பத்துப் பேர் கேட்டுவிட்டீர்கள். பார்த்திருக்கலாம். மச்சு பிச்சு நாங்கள் புறப்பட்ட குஸ்கோ நகரைவிடத் தாழ்வான இடம், வெறும் 2,430 மீட்டர் என்பதும் தெரியும். அதற்குத் தனி நுழைவுச்சீட்டு, தனி நேரம். வேண்டிய நாளுக்கு இணையத்தில் கிடைக்கவில்லை. அடிவாரத்தில் நேரில் வரிசையில் நின்றாலும் கிடைக்கும் என்பீர்கள். தலையைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பவரை அறையில் போட்டுவிட்டு வரிசையில் நிற்கும் சாமர்த்தியம் எனக்கில்லை. விட்டுவிடுங்கள்.

இறங்கும்போது நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். சுமைதூக்குபவர்கள் எதிரே ஏறி வந்துகொண்டிருந்தார்கள். ஓர் ஆளுக்கு 20 கிலோவுக்கு மேல் ஏற்றக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அந்த 20 கிலோவைத் தூக்கிக்கொண்டு, டயர் ரப்பரில் செய்த செருப்போடு, எங்களைப் போல மூன்று மடங்கு வேகத்தில் ஏறுகிறார்கள். பாதை ஒடுங்கிய இடத்தில் அவர்களில் ஒருவர் சுவரோடு ஒட்டி நின்று எங்களுக்கு வழி விட்டார். கீழே போகிறவர்களைப் பார்த்தாலே அவர்களுக்கு விஷயம் புரிந்துவிடும். ஒன்றும் கேட்கவில்லை. இடுப்புத் துணிப்பையிலிருந்து மலையேறுகிறவர்கள் மெல்லும் கோகா இலையை ஒரு கைப்பிடி எடுத்து என் உள்ளங்கையில் வைத்துவிட்டு ஏறிப் போய்விட்டார். வாழ்நாள் முழுக்க அந்த மலையில் ஏறி இறங்குகிற மனிதர் சிரிக்கவில்லை. வரவேற்பறைச் சோபாவில் இருந்துகொண்டு 43 பேர் சிரிக்கிறோம்.

மிச்ச நாட்களை ஒயாந்தாய்தாம்போவில் கழித்தோம். இன்காக்கள் போட்ட தெருக்களில் இன்றும் ஆட்கள் குடியிருக்கும் ஊர். குறுகலான கல் தெருவின் ஓரத்தில் வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. இரவில் ஜன்னலைத் திறந்தால் அந்தச் சத்தம்தான். தங்கியிருந்த வீட்டு அம்மாள் கெச்சுவாவும் ஸ்பானிஷும் கலந்து பேசுவார். நான் கைபேசியில் பார்த்துப் பார்த்துப் பதில் சொல்வேன். 'சொரோச்சே', அதாவது மலை உயரத்தால் வரும் நோய், என்று நெற்றியைத் தொட்டுக் காட்டியதும், முன்யா என்கிற மலைப்புதினா போன்ற இலையைக் கொதிக்க வைத்துக் கொண்டுவந்தார். மூன்று நாட்களும் அவர் கேட்டது ஒரே கேள்வி: சாப்பிட்டாரா? மச்சு பிச்சு பார்த்தீர்களா என்று ஒரு முறைகூடக் கேட்கவில்லை. ஊருக்குத் திரும்பிய நிமிடத்திலிருந்து நீங்கள் எல்லோரும் கேட்பது அது ஒன்றைத்தான்.

ஊருக்கு மேலே மலைச்சரிவில் ஆறு பெரிய கற்பலகைகளை நிறுத்தி வைத்த, கட்டி முடிக்கப்படாத கோயில் ஒன்று இருக்கிறது. அந்தக் கற்களை ஆற்றுக்கு அக்கரையில், ஐந்தாறு கிலோமீட்டர் தொலைவில், காச்சிகாத்தா என்ற இடத்தில் வெட்டி மலையிலிருந்து இறக்கி, ஆற்றைக் கடத்தி, மறுபடி இந்தப் பக்கம் ஏற்றியிருக்கிறார்கள். ஏற்ற முடியாமல் விட்டவை வழியெங்கும் கிடக்கின்றன. 'களைத்த கற்கள்' என்று ஸ்பானிஷில் அவற்றுக்குப் பெயர். நான் ஒரு நாள் தனியாக நடந்துபோய் அவற்றில் ஒன்றன்மேல் உட்கார்ந்து ரொட்டி தின்றேன். யானை படுத்திருப்பது போல இருந்தது. ஒரு பக்கம் மழுமழுவென்று செதுக்கி முடித்திருக்கிறார்கள், மறுபக்கம் அப்படியே கரடு. தோற்ற கல் என்றோ உதவாக்கரைக் கல் என்றோ பெயர் வைக்காமல், களைத்த கல் என்று வைத்தவர் யாரோ, அவர் கையைப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

திரும்பும் வழியில் ஒரு வீட்டு வாசலில் கம்பின் நுனியில் சிவப்பு பிளாஸ்டிக் பை கட்டியிருந்தது. உள்ளே சிச்சா, அதாவது மக்காச்சோளக் கள் கிடைக்கும் என்பதற்கு அடையாளம். ஒரு கோப்பை வாங்கி, அங்கிருந்தவர்கள் செய்தது போல முதல் துளியைப் பூமித்தாய்க்கு மண்ணில் ஊற்றிவிட்டுக் குடித்தேன். புளிப்பு. இதற்கும் நாளைக்குக் கீழே ஏதாவது எழுதுவீர்கள், எழுதுங்கள்.

சரி, ஊகத்துக்கு வருகிறேன்.

"பெண்களைக் கூட்டிக்கொண்டு மலையேறினால் பாதியில்தான் திரும்ப வேண்டும், மாப்பிள்ளை!" இதுதான் அந்த வரி. நான் என் பதிவில் என்ன எழுதியிருந்தேன்? "கணவாய்க்கு முன்பே திரும்பினோம்." திரும்பினேன் என்று எழுதவில்லை, திரும்பினார் என்றும் எழுதவில்லை. வேண்டுமென்றேதான் 'ஓம்' போட்டேன். அந்த விகுதிக்குள் இரண்டு பேரும் தலை மறைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். என் தோழியிலிருந்து சித்தப்பா வரைக்கும் ஒருவர்கூட யாருக்கு முடியவில்லை என்று கேட்கவில்லை. கேட்கத் தேவையே இல்லாதது போல என் தலையில் வைத்துவிட்டீர்கள்.

கோட்டின் மேல் நடந்தது நான் இல்லை.

இதைச் சொல்லக் கூடாது என்று எனக்கு நானே விதித்திருந்தேன். சொல்லிவிட்டேன். ஆக்சிமீட்டர் 71 காட்டியது என் கணவர், இவர் விரலில். தினமும் காலையில் பத்துக் கிலோமீட்டர் ஓடுகிறவர். இறங்கும் வழியில் இவருடைய பையையும் என் பையையும் நான்தான் சேர்த்துச் சுமந்தேன். ஒன்றை மார்பில், ஒன்றை முதுகில். பெருமைக்குச் சொல்லவில்லை. கொஞ்சம் பெருமைக்கும்தான்.

சொல்லத் தொடங்கிவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். லிமா கடற்கரை நகரம். அங்கிருந்து இரவு பஸ்ஸில் அரெகிபா போய், 2,300 மீட்டரில் இரண்டு மூன்று நாள் தங்கி, மெதுவாக குஸ்கோ ஏறுவோம் என்று நான் சொன்னேன். வரைபடம் போட்டே காட்டினேன். பஸ்ஸில் நாட்களை வீணாக்குவானேன் என்று இவர்தான் விமானம் பதிவு செய்தார். ஒன்றரை மணி நேரத்துக்குள் கடல் மட்டத்திலிருந்து 3,400 மீட்டர். இரண்டே நாளில் நடை. அரெகிபாவில் தங்கியிருந்தாலும் வந்திருக்கலாம், உத்தரவாதம் கிடையாது. இவர் அதைச் சொல்வார், அதுவும் நியாயம்தான். ஆனாலும் நான் சொன்னேன்.

"கணவருக்கு முடியவில்லை என்று இப்படி ஊரறியப் போடலாமா, அவருக்கு இழிவில்லையா?" கட்டாயம் கேட்பீர்கள். எனக்கு முடியவில்லை என்று இரண்டு நாளாக ஊரே சிரித்ததே, அது யாருக்கும் இழிவாகத் தெரியவில்லை. அவ்வளவு காற்றில்லாத இடத்தில் நெஞ்சு திணறுவது அவருக்கு நேர்ந்தால் இழிவு, எனக்கு நேர்ந்தால் இயல்பு, அப்படித்தானே? நான் அவரை மட்டம் தட்டவில்லை. அந்த மலையில் அவர் ஒரு தவறும் செய்யவில்லை. கோட்டை விட்டு விலகியதும் "இறங்கிவிடுவோம்" என்று முதலில் சொன்னவரே அவர்தான். அதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று பக்கத்தில் நின்ற எனக்குத் தெரியும்.

அந்தக் கணவாயின் பெயரைச் சொல்ல மறந்துவிட்டேன். வார்மி வன்யுஸ்கா. கெச்சுவாவில் 'இறந்துபோன பெண்'. பள்ளத்தாக்கிலிருந்து பார்த்தால் மலையின் விளிம்பு ஒரு பெண் மல்லாந்து கிடப்பது போலத் தெரியுமாம். சித்தப்பாவுக்கு இந்தப் பெயர் தெரியாமல் போனது என் நல்ல காலம்.

இவ்வளவு எழுதியும் எதற்காகப் பால் பொங்கியது என்று சொல்லவில்லை. சித்தப்பாவுக்காக அல்ல. அந்த 43 சிரிப்புகள் யார் யாருடையவை என்று பட்டியலைத் திறந்து பார்த்தேன். பதினோராவது பெயர் இவருடையது.

கேட்டேன். "பெரியவர் மனம் நோகக் கூடாதே என்று போட்டேன்" என்றார். என் மனம் எந்த உயரத்தில் இருக்கிறது என்று அவர் பார்க்கவில்லை போலும். அப்புறம் எடுத்துவிடுகிறேன் என்றார். வேண்டாம், இருக்கட்டும் என்றேன். இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

இதை வெளியிடுவதற்கு முன் அவருக்குப் படித்துக் காட்டினேன். முழுவதையும் பேசாமல் கேட்டார். பஸ், விமானம் பற்றி எதுவும் சொல்லவில்லை. கோடு கிழித்த இடத்தைப் பற்றி மட்டும், "நாலு அடி இல்லை, ஆறு அடி நடந்தேன்" என்று ஒரு திருத்தம் சொன்னார்.

நாலு என்றே விட்டிருக்கிறேன்.