வேண்டாம் என்றாவது சொல்லித் தொலையுங்கள்

இதழாசிரியர்களே, நாங்கள் அனுப்பிய கட்டுரை பிடிக்கவில்லையா, வேண்டாம் என்று ஒரு வரி எழுதுங்கள். நாங்கள் அதை வேறு இடத்துக்கு அனுப்பிக்கொள்கிறோம். அதைக்கூடச் செய்யாமல் வாரக்கணக்கில் வாயைத் திறக்காமல் இருந்துகொண்டு, அதுவரை வேறு யாருக்கும் அனுப்பக் கூடாது என்றும் கட்டளை போடுகிறீர்களே, இது எந்த ஊர் நியாயம்? காரைக்குடியில் உட்கார்ந்து இலங்கை, மியான்மர் விவகாரங்களைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். டெல்லி ஆய்வு நிறுவனங்கள், ஆங்கில நாளிதழ்களின் கருத்துப் பக்கங்கள், தெற்காசியாவுக்கென்றே நடக்கும் இணைய இதழ்கள் என்று எல்லா வாசலையும் தட்டியாயிற்று. ஒன்றிரண்டு நல்லவர்களைத் தவிர எல்லா இடத்திலும் இதே கதைதான். பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, இனி முடியாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

இந்த வேலை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். அரசுக் கொள்கைகளைப் பற்றிய கட்டுரை வெளியிடும் இடங்களில் விதிமுறைப் பக்கம் ஒன்று இருக்கும். 800 முதல் 1,200 சொற்களுக்குள் இருக்க வேண்டும், அடிக்குறிப்பு கூடாது, ஆதாரத்துக்கு லிங்க் கொடுக்க வேண்டும், அரசு என்ன செய்யலாம் என்று பரிந்துரை வேண்டும். இதிலெல்லாம் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அப்புறம் இரண்டு நிபந்தனைகள் வரும். கட்டுரை நடப்புச் செய்தி ஒன்றை ஒட்டியதாக இருக்க வேண்டும். அதே கட்டுரையை வேறு எங்கும் அனுப்பியிருக்கக் கூடாது. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே சரிதான். சேர்த்துப் பார்த்தால்தான் கழுத்தில் சுருக்கு விழுவது தெரியும். நடப்புச் செய்திக்கு ஆயுள் ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள். அதை ஒரு மாதம் பிடித்து வைத்துக்கொள்ளும் உரிமை மட்டும் அவர்களுக்கு. மீன்காரம்மாவைக் கூப்பிட்டுக் கூடையை இறக்கி வைக்கச் சொல்லிவிட்டு, வாங்குகிறேன் என்றும் சொல்லாமல் போ என்றும் சொல்லாமல் கதவைச் சாத்திக்கொள்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

நடந்ததைச் சொல்கிறேன். 2024 மார்ச் கடைசியில் கச்சத்தீவு திடீரென்று தேர்தல் பேச்சானது. தொலைக்காட்சியைத் திறந்தால் யார் கொடுத்தது, யார் விட்டது என்றே சண்டை. தீவை இலங்கைக்கு விட்டுக்கொடுத்த 1974 ஒப்பந்தத்தைப் பற்றி ஆளாளுக்குப் பேசினார்களே தவிர, மீனவர் வாழ்க்கையை உண்மையில் மாற்றிய 1976 மார்ச் கடிதங்களை ஏறெடுத்துப் பார்த்தவர்கள் குறைவு. 1974 ஒப்பந்தத்தின் 5ஆவது பிரிவு, இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் முன்போலவே கச்சத்தீவுக்குப் போய்வரலாம், அதற்குப் பயண ஆவணமோ விசாவோ தேவையில்லை என்கிறது. இலங்கையின் கடல் எல்லைக்குள் இந்தியப் படகுகள் மீன் பிடிக்கக் கூடாது என்ற வாசகம் 1976இல் இரு அரசுகளும் எழுதிக்கொண்ட கடிதங்களில்தான் வருகிறது. அப்போது நெருக்கடி நிலைக் காலம். அந்த ஆண்டு ஜனவரி 31ஆம் தேதியே தமிழ்நாட்டு அரசைக் கலைத்துவிட்டார்கள். தன் கடலோர மக்களின் பிழைப்பைத் தொடும் ஒரு முடிவு வந்தபோது, கேள்வி கேட்க இந்த மாநிலத்தில் சட்டமன்றமே இல்லை. இதுதான் என் கட்டுரையின் முதுகெலும்பு.

சும்மா பழங்கதை பேசி விட்டுவிடவும் இல்லை. அறந்தாங்கி வழியாக ஜெகதாப்பட்டினத்துக்கும் கோட்டைப்பட்டினத்துக்கும் போய் விசைப்படகுக்காரர்களிடம் பேசினேன். பாக் நீரிணையை விட்டு ஆழ்கடலுக்கு மாற்றுவதற்கென்று 2017இல் ஒரு திட்டம் வந்ததே, படகு ஒன்றுக்கு 80 லட்சம், அதில் 70 சதவீதம் அரசு மானியம் என்று, அது ஏன் எடுபடவில்லை என்று அவர்கள் வாயாலேயே கேட்டு எழுதினேன். மீதிப் பணத்தை யார் புரட்டுவது, பெரிய படகை எங்கே கட்டி வைப்பது, பல நாள் கடலில் கிடக்கும் தொழிலை யார் சொல்லித் தருவது என்று அடுக்கினார்கள். ஒருவர் தன் கடன் சீட்டை எடுத்துக் காட்டினார். மடித்து மடித்து நடுவில் கிழிந்து, பின்பக்கம் ஸ்டாம்பு ஒட்டுகிற தாளால் ஒட்டப்பட்ட சீட்டு. அக்கரையில் இருக்கும் யாழ்ப்பாணத்து மீனவர்களின் கோபத்தையும் விடவில்லை. அவர்களும் தமிழர்கள்தான், நம் இழுவலை அவர்கள் வலையைக் கிழிக்கிறது, அதனால்தான் 2017இல் இலங்கை நாடாளுமன்றம் கடலடியை வாரி இழுக்கும் அடிமடி இழுவலையைத் தடை செய்தது என்பதையும் எழுதினேன். நம் ஊர் மீனவர்களுக்கே இது கசக்கும். ஆனாலும் எழுதினேன்.

ஏப்ரல் முதல் வாரத்தில் டெல்லியில் உள்ள ஓர் ஆய்வு நிறுவனத்துக்கு அனுப்பினேன். அடுத்த நிமிடமே தானியங்கிப் பதில் வந்தது. கட்டுரை கிடைத்தது, பரிசீலிக்கிறோம், முடிவு தெரியும்வரை வேறு எங்கும் அனுப்ப வேண்டாம் என்று. அவ்வளவுதான். நினைவூட்டி எழுதினேன், அதே தானியங்கிப் பதில். ஏப்ரல் 19 அன்று தமிழ்நாட்டில் ஓட்டுப்பதிவு முடிந்தது. அதுவரை அந்த நிறுவனத்தின் தளத்திலேயே கச்சத்தீவைப் பற்றி எத்தனையோ கருத்துகள் வந்தன, 1976 கடிதங்கள் ஒன்றில்கூட இல்லை. ஜூன் மாதம், தேர்தல் முடிவும் வந்த பிறகு, மனிதர் எழுதிய பதில் ஒன்று வந்தது. கட்டுரை நன்றாக இருக்கிறதாம், ஆனால் காலம் கடந்துவிட்டதாம். புதிதாக ஏதாவது நிகழ்வு நடந்தால் புதுப்பித்து அனுப்பலாமாம்.

நிகழ்வு! எதை நிகழ்வு என்கிறீர்கள்? இலங்கைக் கடற்படையிடம் இன்னொரு படகு பிடிபட வேண்டுமா? இன்னும் நாலு பேர் சிறைக்குப் போக வேண்டுமா? காலத்தைக் கடத்தியது யார், நானா? உங்கள் மேசையில் கிடந்துதானே அது பழசானது? அந்தப் பதிலைப் படித்த அன்று எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

இலங்கைத் தோட்டங்களில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்த மலையகத் தமிழர்களைப் பற்றி எழுதியதற்கும் இதே கதிதான். இரு நாட்டுப் பிரதமர்களும் போட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது 1964 அக்டோபர் 30. 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மனிதர்களைப் பங்கு பிரித்த ஒப்பந்தம் அது. அதன் அறுபதாம் ஆண்டு எப்போது வரும் என்று காலண்டரைப் பார்த்தாலே தெரியும். முன்கூட்டியே அனுப்பினேன், நாள் வந்தது, போனது, பதில் மட்டும் வரவில்லை.

இதில் இன்னொரு அநியாயம் உண்டு. விண்ணப்பப் படிவத்தில் நிறுவனம் என்று ஒரு கட்டம், அதை நிரப்பாமல் மேலே நகர முடியாது. சுயாதீன ஆய்வாளர் என்று போட்டால் அடுத்து ஒரு கேள்வி வரும், எந்தப் பல்கலைக்கழகத்தோடு தொடர்பு என்று. ஐயா, இந்த ஊருக்கும் தெற்காசியாவுக்கும் இருக்கிற தொடர்பைப் பற்றிக் கேளுங்கள், சொல்கிறேன். எங்கள் ஐயா பர்மாவில், அதாவது இன்றைய மியான்மரில், மோல்மேன் நகரத்து செட்டியார் கடை ஒன்றில் அடுத்தாளாக, அதாவது உதவியாளாக, இருந்தவர். உலகப் பொருளாதாரப் பெருமந்தத்தில் நெல் விலை சரிந்து, செட்டியார்களிடம் வாங்கிய கடனைக் கட்ட முடியாத விவசாயிகளின் நிலம் கைமாறி, 1930களின் இறுதிக்குள் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் சாகுபடி நிலத்தில் கால் பங்கு செட்டியார்கள் பெயருக்கு வந்துவிட்டது. அந்த நிலத்தால் பர்மியர்கள் பட்டதும் உண்டு, அதை நம் ஆட்கள் இழந்த வேதனையும் உண்டு. 1964இல் பர்மாவின் நே வின் ராணுவ அரசு கடைகளை நாட்டுடைமையாக்கியபோது கட்டிய துணியோடு வந்து இறங்கியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இந்த ஊர்த் தெருக்களில் இருக்கிறார்கள். கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போனவர்களின் பேரேடுகள் எத்தனையோ வளவு வீடுகளில் இன்னும் கிடக்கின்றன. பக்கத்தில் கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்து வைத்த நூல்களும் இதழ்களும்தான் இன்று சென்னையில் உலக ஆய்வாளர்கள் தேடி வரும் நூலகமாக நிற்கின்றன. இங்கிருந்து ஒருவன் மியான்மரைப் பற்றி எழுதினால் அவனிடம் அடையாள அட்டை கேட்கிறார்கள்.

ஆதாரம் தமிழில் இருந்தால் அதற்கும் மதிப்பில்லை. மீனவர் சங்கம் ஆட்சியரிடம் கொடுத்த மனுவை மேற்கோள் காட்டினால், ஆங்கிலத்தில் சரிபார்க்கக்கூடிய ஆதாரம் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். முழு மனுவையும் மொழிபெயர்த்து அனுப்பினாலும் போதாதாம். இலங்கையில் தமிழும் ஆட்சிமொழி, 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்திலேயே அது இருக்கிறது. தெற்காசியாவைப் பற்றிப் பேசும் ஒரு நிறுவனத்தில் தமிழ் படிக்கத் தெரிந்த ஓர் ஆள்கூட இல்லையென்றால் அது யாருடைய குறை?

ஆசிரியர் குழுவில் ஆள் குறைவு, வரும் கட்டுரைகள் அதிகம் என்பார்கள். ஒத்துக்கொள்கிறேன். அவர்களில் பலர் சம்பளம் சரியாக இல்லாமல் வேலை பார்க்கும் இளம்பிள்ளைகள் என்பதும் தெரியும். நான் விளக்கம் கேட்கவில்லை, திருத்திக் கொடுங்கள் என்றும் கேட்கவில்லை. சன்மானம்கூட வேண்டாம், பல இடங்களில் அது எப்படியும் கிடையாது. ஏழு நாளில் பதில் வராவிட்டால் வேறு இடத்துக்கு அனுப்பிக்கொள்ளுங்கள் என்று விதிமுறையில் ஒரு வரி சேர்த்தால் போதும். அதற்கு ஆளும் வேண்டாம், காசும் வேண்டாம். சில இதழ்கள் அப்படிப் போட்டிருக்கின்றன, அவர்களுக்கு ஒரு கும்பிடு. மற்றவர்கள் ஏன் போட மறுக்கிறார்கள்? எழுதுகிறவன் காத்துக் கிடப்பான், அவனுக்கு வேறு போக்கிடம் இல்லை என்ற நினைப்புதான்.

அந்த நினைப்புக்கு இனி நான் இடம் கொடுப்பதாக இல்லை. இனிமேல் நான் அனுப்பும் மின்னஞ்சலின் முதல் வரியிலேயே ஒரு தேதி இருக்கும். அந்தத் தேதிக்குள் பதில் வராவிட்டால் கட்டுரை அடுத்த இடத்துக்குப் போகும். அங்கேயும் இதே மௌனம் என்றால் தமிழில் இங்கேயே போட்டுவிடுவேன். ஜெகதாப்பட்டினத்தில் என்னிடம் பேசியவர்களாவது படிக்கட்டும். தேவகோட்டையிலோ புதுக்கோட்டையிலோ இதே வேலையைச் செய்யும் பிள்ளைகள் இருந்தால் ஒன்று சொல்கிறேன்: எங்கே அனுப்பினாலும், முடிவு சொல்ல எத்தனை நாள் ஆகும் என்ற வரி விதிமுறையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் கட்டுரையை அனுப்புவதற்கு முன் அதைக் கேட்டு எழுதுங்கள்.