தீபாவளி முற்பணமும் புதுப் போனும்

மலையகத் தேயிலைத் தோட்டத்துச் சனம் கையில் நாலு காசு வந்தால் போனுக்குத்தான் கொட்டுகிறது என்று டவுனில் குடியேறிவிட்ட நம்ம ஆட்களே பேசுவதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. குவைத்துக்கும் சவூதிக்கும் வீட்டு வேலைக்குப் போன தங்கச்சியின் முகத்தைப் பார்ப்பது அந்தப் போனில்தான். கொழும்பில் கடையில் நிற்கும் பிள்ளை சம்பளம் போட்டுவிட்டேன் என்று சொல்வதும் அதில்தான். 2020இலும் 2021இலும் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தபோது பிள்ளைகள் சிக்னல் தேடி மலை உச்சிவரை ஏறி, குளிரில் உட்கார்ந்து பாடம் எழுதியதும் அதை வைத்துத்தான். போன் வேண்டுமா வேண்டாமா என்ற பேச்சே இங்கே எடுபடாது. இருக்கிற போனை எப்போது மாற்றுவது, மாற்றினால் எதைப் பார்த்து வாங்குவது, இதைத்தான் நாம் பேச வேண்டும். என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நம்மில் பெரும்பாலானவர்களுக்குப் புதுப் போன் தேவையில்லை, புதுப் பெட்டரி போதும்.

விலையை ரூபாவில் பார்க்காமல் பேரில் பாருங்கள், அதாவது ஒரு நாள் முழு வேலைக்குச் செக்ரோலில் விழும் பேர், ஒரு நாள் சம்பளம். 2024இல் தோட்டத்து நாள் சம்பளம் 1,350 ரூபா என்று வர்த்தமானி வந்தது, பிறகு 2026 வரவு செலவுத் திட்டத்தில் 1,550 என்றும் வருகைக்கு இன்னும் 200 என்றும் சொன்னார்கள். கூடின கணக்கையே எடுப்போம், 1,750. ஐம்பதாயிரம் ரூபா போன் என்றால் 29 பேர். ஒரு மாதம் முழுக்க ஒரு நாளும் தவறாமல் மலைக்குப் போனாலும் அத்தனை பேர் விழாது, கொழுந்து குறைந்த மாதத்தில் அரைப்பேர் போட்டுவிட்டால் அதுவும் போச்சு. இதில் ஈ.பி.எஃப் என்ற சேமலாப நிதி, சங்கச் சந்தா, கோயில் காசு, கடைக் கடன் எல்லாம் கழிய வேண்டும். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360க்குத் தாவியது, 2024 ஜனவரியிலிருந்து போனுக்கும் 18 வீதம் வற் வரி விழுந்தது. விலை ஏறிய வேகத்தில் நம் சம்பளம் ஏறவில்லை என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தோட்டத்தில் தீபாவளிக்குக் கொடுக்கும் முற்பணம் கைக்கு வரும் வாரத்தில் ஹட்டன் டவுன் பக்கம் போய்ப் பாருங்கள். கடை வாசலில் ஸ்பீக்கர், பலூன், "முற்பணம் மட்டும் கட்டுங்கள், மீதி தவணையில்". உள்ளே போனால் பெட்டியை நீட்டி நாலு கெமரா என்பார்கள். போன வருஷம் உறவுக்காரப் பையன் ஒருவன் வாங்கிவந்த பெட்டியை நான் வாங்கி எழுத்துக்கு எழுத்து படித்தேன். நாலு கெமராவில் ஒன்றுதான் கெமரா. மற்ற இரண்டு 2 மெகாபிக்சல் லென்ஸ், ஒன்று கிட்டத்தில் எடுக்கவாம், மற்றது ஆழம் பார்க்கவாம். அவற்றால் நீங்கள் ஒருநாளும் ஒரு நல்ல படம் எடுக்கப்போவதில்லை. நாலாவது வட்டம் லென்ஸே இல்லை, ஃபிளாஷ். முன்பக்கத்தில் பெரிதாக 16 ஜீபி ரெம் என்று போட்டு, பக்கத்தில் பொடி எழுத்தில் 8+8. ரெம் என்பது போன் வேலை செய்யும்போது பாவிக்கும் தற்காலிக நினைவகம். அந்த இரண்டாவது எட்டு ரெம்மே இல்லை, படமும் வீடியோவும் சேமிக்கும் இடத்திலிருந்து கொஞ்சத்தை ரெம் மாதிரி பாவிக்கிறார்கள், அதன் வேகம் உண்மையான ரெம்முக்குக் கிட்டவும் வராது. 108 மெகாபிக்சல் என்பதும் அப்படித்தான், சாதாரணமாகப் படம் எடுக்கும்போது ஒன்பது புள்ளியை ஒன்றாகச் சேர்த்து 12 மெகாபிக்சல் படமாகத்தான் தரும். அது தப்பில்லை, படம் நன்றாகவே வரும். ஆனால் அந்த எண்ணைக் காட்டி விலையைக் கூட்டிக் கேட்பது தப்பு. டவர் சிக்னல் இரண்டு கோடு தாண்டாத லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்கு, 5ஜி என்று சொல்லி மேலதிகமாகப் பத்தாயிரம் வாங்குவதும் தப்பு.

சரி, இப்போது பெட்டரிக்கு வருவோம். "போன் ஸ்லோ, சார்ஜ் நிற்கவில்லை, புதுசு வாங்கப் போகிறேன்" என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது எத்தனை வருஷத்துப் போன் என்றுதான். லித்தியம் பெட்டரி எதுவானாலும் தேயும். ஐபோன் 14 வரைக்கும் வந்த போன்களுக்கு அப்பிள் கம்பனியே சொல்லும் கணக்கு, 500 தடவை முழுசாகச் சார்ஜ் ஏறி இறங்கினால் பெட்டரியின் கொள்ளளவு 80 வீதத்துக்கு வரும் என்பது. தினமும் ஒருதடவை என்றால் ஒன்றரை வருஷத்துக்குள் அந்த இடத்துக்கு வந்துவிடும். வேகத்துக்கும் பெட்டரிக்கும் சம்பந்தம் இருக்கிறது என்பதற்கு 2017 டிசம்பரில் நடந்ததே சாட்சி. பெட்டரி பழசான ஐபோன்கள் திடீரென்று அணைந்துபோகாமல் இருக்க அவற்றின் வேகத்தைக் குறைத்திருந்தோம் என்று அப்பிள் ஒத்துக்கொண்டது. பிறகு 2018இல் 79 டொலர் பெட்டரி மாற்றத்தை 29 டொலருக்குச் செய்து கொடுத்தது. பெட்டரி மாற்றியவர்களுக்குப் பழைய வேகம் திரும்பியது. எத்தனை பேர் அதற்குள் புதுப் போன் வாங்கியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

நம் பக்கத்தில் இன்னொன்றும் இருக்கிறது. பள்ளத்தில் இருக்கும் லயங்களில் சிக்னல் பலவீனம், அதனால் போன் டவரைப் பிடிக்கக் கூடுதல் சக்தி போட்டுக்கொண்டே இருக்கும். அதே போனை டவுனுக்குக் கொண்டுபோனால் சார்ஜ் இரவுவரை நிற்கும். அப்படியானால் போனில் ஒன்றும் இல்லை, இரவு படுக்கும்போது ஃபிளைட் மோடில் போடுங்கள், வித்தியாசம் தெரியும். ஜனவரிப் பனியில் நுவரெலியாப் பக்கம் விடியற்காலை சார்ஜ் சட்டென்று இறங்குவதும் குளிரால்தான், வெயில் ஏறினால் சரியாகும். சார்ஜே ஏறவில்லை என்றால் முதலில் சார்ஜர் போடும் ஓட்டையை டோர்ச் அடித்துப் பாருங்கள். அடுப்புப் புகைக் கரி, சட்டைப் பையின் பஞ்சு, ஈரம் எல்லாம் சேர்ந்து உள்ளே அடைபோல அமுங்கியிருக்கும். போனை அணைத்துவிட்டு ஒரு பல்குத்தும் குச்சியால் மெதுவாகக் கிளறினால் சாம்பல் நிறத்தில் உருண்டையாக வெளியே வரும். அம்மாவின் போன் "செத்துப்போனது" இதனால்தான். கடைக்காரர் ஒருவர் போர்டு போய்விட்டது, புதுசு எடுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

ஆனால் பின்மூடி வீங்கி, ஸ்கிரீன் ஓரத்தில் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி தெரிந்தால் அன்றைக்கே பாவிப்பதை நிறுத்துங்கள். அமுக்கி ஒட்டக் கூடாது, குத்தக் கூடாது, தலையணைக்குக் கீழே வைத்துச் சார்ஜ் போடவே கூடாது. அதை மாற்றுவதுகூட ஒரு நல்ல கடையில் சில ஆயிரத்தில் முடிகிற வேலை.

அப்படியென்றால் எப்போதுதான் மாற்றுவது? அப்டேட் நின்ற பிறகு. வங்கிக் கணக்கும் வெளிநாட்டுக் காசும் இப்போது போனுக்குள்ளேயே இருக்கிறது, பாதுகாப்பு அப்டேட் வராத போனில் அதை வைத்திருப்பது எனக்குப் பயம். வட்ஸ்அப் 2025 ஜனவரி முதல் ஆண்ட்ராய்ட் 5க்குக் கீழே உள்ள போன்களை விட்டுவிட்டது, அந்தப் போன் வைத்திருந்தவர்களுக்கு வேறு வழி இல்லை, மாற்றத்தான் வேண்டும். அதனால் வாங்கும்போது கெமராவை விடுங்கள், எத்தனை வருஷம் அப்டேட் தருகிறான் என்று கேளுங்கள். கூகுள் பிக்சல் 8க்கும் சாம்சங் எஸ்24க்கும் 7 வருஷம் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். மலிவுப் போன்கள் பலவற்றுக்கு இரண்டோ மூன்றோதான். தவணை முடியும்போது போனின் ஆயுளும் பாதி முடிந்திருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் ஒரு விதி வந்திருக்கிறது, விற்பனை நின்ற பிறகும் 5 வருஷம் அப்டேட், 7 வருஷம் உதிரிப்பாகம் கொடுக்க வேண்டும், பெட்டரி 800 தடவைக்குப் பிறகும் 80 வீதம் தாங்க வேண்டும். நம் நாட்டில் அப்படி ஒன்று எப்போது வரும்? சம்பளம் குறைந்தவனுக்குத்தான் நீடித்து உழைக்கும் சாமான் அதிகம் தேவை, அவனுக்குத்தான் சீக்கிரம் கெடுகிறது போய்ச் சேருகிறது. இது எனக்குத் தாங்கவே முடியாத அநியாயமாகப் படுகிறது.

லெப்டொப்பும் அதே கதைதான். 2025 அக்டோபர் 14ஓடு விண்டோஸ் 10க்கு ஆதரவு முடிந்தது, அதை வைத்துப் பழசைத் தூக்கிப் போடச் சொல்கிறார்கள். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு அதைவிட வேகமான எஸ்எஸ்டி சேமிப்பகம் போட்டு, விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் ஏற்றினால் ஏ.எல். (உயர்தரம்) படிக்கும் பிள்ளைக்கு இன்னும் பல வருஷம் ஓடும்.

அப்புறம், 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து, மண் சரிந்து, கரண்டும் டவரும் போன நாட்களை நினைத்துப் பாருங்கள். விலை கூடின போன் இருந்தவனும் இருட்டில்தான் இருந்தான். அந்த நேரத்தில் கைகொடுத்தது பவர் பேங்கும், எஃப்எம் கேட்கும் பழைய பட்டன் போனும்தான். எஃப்எம்முக்கு இயர்போன் வயர்தான் அன்டெனா, அந்த ஓட்டையை எடுத்துவிட்ட புதுப் போன்களில் பெரும்பாலும் ரேடியோவும் போய்விட்டது. மலையடியில் குடியிருக்கும் ஒரு குடும்பத்துக்குப் புதுப் போனைவிட ஒரு நல்ல பவர் பேங்க் அவசியம் என்று நான் அடித்துச் சொல்வேன்.

இவ்வளவும் பார்த்துவிட்டு வாங்கத்தான் வேண்டும் என்றால் வாங்குங்கள், செகண்ட் ஹேண்டும் நல்லதுதான். காசைக் கொடுக்கும் முன் *#06# அடித்து ஐஎம்இஐ எண்ணை (போனின் அடையாள எண்) எடுத்து, IMEI என்று ஆங்கிலத்தில் அடித்து இடைவெளி விட்டு அந்த 15 இலக்கத்தையும் போட்டு 1909க்கு ஒரு எஸ்எம்எஸ் அனுப்புங்கள், தொலைத்தொடர்பு ஆணைக்குழுவில் பதிந்த போனா என்று பதில் வரும். பதியாததை மலிவென்று வாங்கி மாட்டிக்கொள்ளாதீர்கள். எந்த மொடல் எடுப்பது என்று குழப்பமாக இருந்தால் பெட்டியின் பின்பக்கத்தைப் படம் எடுத்து, ஐஎம்இஐ எண்ணை மட்டும் மறைத்துவிட்டு, கீழே கொமெண்டில் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.