ஹான்ஸ் என்றால் அன்னமாம்!

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து முகநூலில் எல்லாரும் பகிர்ந்துகொண்டிருக்கிற ‘தூய ஜெர்மன் பெயர்கள்’ பட்டியலைப் பற்றித்தான். நூறு ஜெர்மன் பெயர், நூறு ‘அழகான தமிழ் அர்த்தம்’, வரிக்கு ஒரு இதயக் குறி.

முதல் பெயரே ஹான்ஸ். பொருள், அன்னம். ஏனென்றால் ‘ஹம்சம்தான் மருவி ஹான்ஸ் ஆயிற்று’.

ஹான்ஸ் என்பது யோஹான்னெஸ் என்ற பெயரின் வால். ஜெர்மன்காரர்கள் அந்தப் பெயரை நடுவில் அழுத்திச் சொன்னதால் தலை உதிர்ந்து ஹான்னெஸ் ஆயிற்று, பிறகு அதுவும் சுருங்கி ஹான்ஸ். மூலம் எபிரேயம், கிரேக்கம் வழியாக வந்தது. ‘யாவே அருளினார்’ என்று பொருள்; யாவே என்பது எபிரேயரின் கடவுள் பெயர். இதில் பறவை எதுவும் இல்லை.

கொடுமை என்னவென்றால், ஹம்சத்துக்கு ஜெர்மனில் உண்மையாகவே ஓர் உறவுச் சொல் இருக்கிறது. கான்ஸ். ஹம்ஸ என்ற வடசொல்லும் கான்ஸும் ஒரே வேரில் பிறந்தவை, மொழியியலாளர்களுக்கு இதில் சண்டையே கிடையாது. ஆனால் கான்ஸ் என்றால் வாத்து இனத்துப் பெரிய பறவை. ‘டும்ம கான்ஸ்’ என்பது அசட்டுப் பெண்ணைத் திட்டுகிற வசவு. பிள்ளைக்கு வையுங்கள், நன்றாக இருக்கும்.

நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான். இன்றைய எழுத்தைப் பார்த்துப் பெயருக்குப் பொருள் சொல்லாதீர்கள். பழைய வடிவத்தைத் தேடுங்கள். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய சொல், இன்றைய அகராதியில் அகப்படாது.

பட்டியலில் ரைன்ஹார்ட் ‘தூய்மையானவன்’. ரைன் என்றால் இன்றைய ஜெர்மனில் தூய்மை, உண்மைதான். ஆனால் பெயரின் பழைய வடிவம் ரகின்ஹார்ட். ரகின் என்றால் ஆலோசனை, முடிவு; ஹார்ட் என்றால் உறுதி. நடுவிலிருந்த ‘க’ தேய்ந்து ரைன் ஆனது. ரைனரும் ரைன்ஹோல்டும் இதே கதை.

ஸீக்முண்ட் ‘வெற்றி வாய்’ என்று போட்டிருக்கிறார்கள். படித்துவிட்டு நிஜமாகவே சிரித்தேன். முண்ட் என்றால் இன்று வாய்தான். பெயரில் இருப்பது வேறு முண்ட், காப்பு என்று பொருள். அந்தச் சொல் இன்றும் செத்துப்போகவில்லை. சட்டப்படியான காப்பாளரை ஜெர்மனில் ஃபோர்முண்ட் என்றுதான் சொல்கிறார்கள். வால்ட் என்றால் இன்று காடு, ஆனால் வால்டரில் இருப்பது அதுவும் இல்லை. ஆளுதல் என்ற வால்ட், படை என்ற ஹெரி. லியோபோல்டில் சிங்கம் இல்லவே இல்லை. அது லியுட்பால்ட்: லியுட் மக்கள், பால்ட் துணிவு. சிங்கம்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் லியோன்ஹார்ட் இருக்கிறது, அதிலும் சிங்கம் லத்தீன், ஹார்ட் மட்டும் ஜெர்மானியம்.

ஆக, வழி இதுதான். முதலில், பெயர் பழைய ஜெர்மானியமா, தேவாலயத்தோடு வந்ததா என்று பாருங்கள். சுருக்கமாக இருந்தால் அதன் முழுப் பெயரைப் பிடியுங்கள். ஃப்ரிட்ஸ் ஃப்ரீட்ரிஷிலிருந்து, ஹைன்ஸ் ஹைன்ரிஷிலிருந்து, கூர்ட் கோன்ராடிலிருந்து, கிளவுஸ் நிகோலவுஸிலிருந்து. அப்புறம் பழைய எழுத்துவடிவத்தைத் தேடி இரண்டாகப் பிரியுங்கள். இரண்டு துண்டுக்கும் தனித்தனியாகப் பொருள் சொல்லுங்கள். சொல்லிவிட்டு நிறுத்துங்கள்.

இந்த நிறுத்துவதுதான் யாராலும் முடிவதில்லை. ஹெட்விக் என்ற பெண் பெயருக்கு ‘போர்க்களத்தின் அமைதித் தேவதை’ என்று எழுதியிருக்கிறார்கள். ஹடு என்றால் போர். விக் என்றாலும் போர்தான். போர்-போர்! ஹில்டெகுண்டும் அப்படியே, ஹில்ட் போர், குண்ட் போர். இதை வாக்கியமாக்கினால் அபத்தம்தான் வரும், ஏனென்றால் வைத்தவர்கள் வாக்கியமாக நினைத்து வைக்கவில்லை. அப்பா பெயரில் ஒரு துண்டு, அம்மா பெயரில் ஒரு துண்டு எடுத்துச் சேர்ப்பார்கள், அல்லது ஓசை பார்ப்பார்கள். ஒன்பதாம் நூற்றாண்டுக் கையெழுத்துப் படியில் கிடைத்த ஹில்டெப்ராண்ட் பாட்டு என்ற பழைய ஜெர்மன் வீரப் பாட்டில் தாத்தா ஹெரிப்ராண்ட், அப்பா ஹில்டெப்ராண்ட், மகன் ஹடுப்ராண்ட். மூன்றும் ஹ-வில் தொடங்கும், மூன்றும் ப்ராண்டில் முடியும். நம் வீடுகளில் ரமேஷ், சுரேஷ், மகேஷ் என்று வரிசையாக வைத்தார்களே, எந்த அப்பா உட்கார்ந்து பொருளைக் கூட்டிப் பார்த்தார்?

‘தூய ஜெர்மன் பெயர்கள்’ என்ற தலைப்புக்கு வருகிறேன். அதில் பாதி தூய்மையும் இல்லை, ஜெர்மனும் இல்லை. ‘ஜூர்கன், தூய ஜெர்மன் வீரன்’ என்கிறார்கள். அவர் ஜூர்கனும் இல்லை, யூர்கென். ஜெர்மன் ‘ஜே’ எழுத்துக்கு ய ஒலி. வீரனும் இல்லை, கிரேக்கத்து கியோர்கோஸ், அதாவது உழவன். கிரிம் சகோதரர்கள் 1812இல் அச்சிட்ட ஹென்ஸெல்-கிரேடெல் கதையில்கூட அண்ணன் எபிரேயம், தங்கை கிரேக்கம். ஹென்ஸெல் நம்ம ஹான்ஸின் செல்லப் பெயர். கிரேடெல் மார்கரேட்டெயிலிருந்து, முத்து என்று பொருள்.

இதையெல்லாம் பின்னூட்டத்தில் பொறுமையாகத்தான் எழுதினேன். வந்த பதில்: ‘சும்மா ஜாலிக்குப் போட்டது சார், ஏன் டென்ஷன்?’ அதற்கு நானூறு லைக். ஜாலிக்கென்றால் ‘நகைச்சுவை’ என்று மேலே போட்டிருக்கலாமே. ‘ஆதாரப்பூர்வமானது’ என்றல்லவா போட்டிருந்தீர்கள்?

இன்னொருவர், ‘ஜெர்மன்காரனுக்கு எதற்கு வக்காலத்து?’ என்றார். அவர்கள் ஊரில் யாராவது ‘கண்ணன்’ என்ற பெயர் ‘கன்னென்’ என்ற சொல்லிலிருந்து வந்தது, கூஜாக்கள் என்று பொருள் என எழுதினால் நீங்கள் சும்மா இருப்பீர்களா? அகராதியில் அந்தச் சொல் இருக்கிறது. எழுத்தும் கிட்டத்தட்ட ஒன்றுதான். உங்கள் ஹம்சத்தைவிட வலுவான ஆதாரம்.

ஒரே ஒருவர் நியாயமாகக் கேட்டார்: இன்றைய ஜெர்மானியருக்கே ரைன்ஹார்ட் என்றதும் தூய்மைதானே நினைவுக்கு வரும், அதுவும் ஒரு பொருள்தானே? சரி, நினைவுக்கு வரட்டும். நினைவுக்கு வருவது வேறு, மூலம் வேறு. அவ்வளவுதான் அதற்குப் பதில்.

பதிவின் கீழே ஜெர்மனியில் வாழும் ஈழத்துக் குடும்பங்கள் ‘மகனுக்கு இதை வைக்கலாமா?’ என்று கேட்டிருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் வயிறு எரிந்தது. அங்கே பிறப்பை ஒரு வாரத்துக்குள் பதிவு அலுவலகத்தில் அறிவிக்க வேண்டும். பெயர் முடிவாகாவிட்டால் ஒரு மாதம் அவகாசம். பதிந்த பிறகு மாற்ற முக்கியக் காரணம் காட்ட வேண்டும். ‘முகநூலில் பார்த்தேன்’ என்பது அந்தக் காரணமா என்று எனக்கு நீங்கள் சொல்லுங்கள்.

அந்தப் பெற்றோருக்குப் பட்டியல் சொல்லியிருக்க வேண்டியது வேறு. கெவின் ஜெர்மன் பெயரே இல்லை, ஐரிஷ். 1990களின் தொடக்கத்தில் அங்கே ஓகோவென்று ஓடி, பிறகு அந்தப் பெயர்ப் பையனைப் பார்த்தாலே ஆசிரியர் முகம் சுளிக்கிற அளவுக்குக் கேலிப்பொருளானது. அடோல்ஃபுக்கு ‘உன்னத ஓநாய்’ என்று இதயக் குறியோடு போட்டிருக்கிறார்கள். நூற்றில் சரியாக இருந்த சிலவற்றில் அதுவும் ஒன்று! அடல் உன்னதம், வோல்ஃப் ஓநாய். வைத்துவிட்டு அந்தப் பிள்ளையை ஜெர்மன் பள்ளிக்கு அனுப்பிப் பாருங்கள்.

நம் பெயரையே வைப்பதென்றாலும் அந்த ஊர் எழுத்தை யோசிக்க வேண்டும். ஜெயாவை ஆங்கில வழக்கப்படி எழுதினால் யேயா என்று கூப்பிடுவார்கள். வேலனை ‘வி’ போட்டு எழுதினால் ஃபேலன் ஆகிவிடலாம். ‘டபிள்யூ’ போட்டால்தான் வே ஒலி உறுதி. கிரண் என்ற பெயரை ஒரு பெண் குழந்தைக்கு வைக்க, ஆணா பெண்ணா தெரியவில்லை என்று பதிவு அலுவலகம் மறுத்து, வழக்கு கார்ல்ஸ்ரூவே அரசியல் சட்ட நீதிமன்றம் வரை போய், 2008 டிசம்பரில்தான் பெற்றோர் பக்கம் தீர்ப்பு வந்தது. ஒரு பெயருக்காக அத்தனை தூரம் போயிருக்கிறார்கள். இங்கே பத்து நிமிஷத்தில் நூறு பெயர்.

கடைசியாக, அந்தப் பட்டியலைப் போட்ட நண்பருக்கு. ஹான்ஸுக்குத் தமிழ்ப் பெயர்தானே தேடினீர்கள்? அது ஏற்கெனவே இருக்கிறது. பழைய கத்தோலிக்கக் குடும்பங்களில் போய்க் கேளுங்கள். யோஹான்னெஸின் தமிழ் வடிவமான யோவானை அவர்கள் அருளப்பர் என்றார்கள். எபிரேயத்தில் இருந்த அருள் அப்படியே அதில் உட்கார்ந்திருக்கிறது.