அது மிரின் அன்று

ஞாயிற்றுக்கிழமை சமையல் வகுப்பில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும்; மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜப்பானியச் சமையலில் இனிப்புக்குச் சேர்க்கும் மிரின் என்ற திரவத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. "மிரின் என்பது வெறும் சர்க்கரைப் பாகுதான், எது மலிவோ அதை வாங்குங்கள்" என்று சொல்லப்பட்டது, நான் மறுத்தேன், எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் மனத்தை விட்டு அகலவில்லை.

மிரின் சர்க்கரைப் பாகு அன்று. ஆவியில் வேகவைத்த மோச்சி அரிசி என்ற பசையுள்ள அரிசியுடன், கோஜிப் பூஞ்சை வளர்த்த அரிசியையும் ஷோச்சு என்ற வடிசாராயத்தையும் சேர்த்து 40 முதல் 60 நாள் வரை ஊறவிடுகிறார்கள். கோஜியின் நொதிகள் மாவுச்சத்தைச் சிறிது சிறிதாக இனிப்பாக மாற்றுகின்றன. ஷோச்சு இருப்பதால் ஈஸ்ட் பெருகி அந்த இனிப்பைத் தின்றுவிட முடிவதில்லை. பிறகு பிழிந்தெடுத்து, பழைய முறையைக் கைவிடாதவர்கள் ஆண்டுக்கணக்கில்கூட முதிரவிடுகிறார்கள். ஒரு சிட்டிகை சர்க்கரையும் சேர்க்காமல் அரிசியிலிருந்தே வருகிற இனிப்பு அது. நாம் வசிக்கும், நகோயா இருக்கும் இதே ஐச்சி மாகாணத்தின் மிகாவா பகுதி அதற்குப் பெயர்பெற்றது என்பதுதான் என்னை மேலும் வருத்துகிறது.

நகோயாவுக்கு வந்த புதிதில் நானும் மலிவான பாட்டிலைத்தான் வாங்கினேன். புரி என்ற கடல்மீனில் தெரியாக்கி, அதாவது சோயா சாஸும் மிரினும் பூசிப் பளபளப்பாகச் சமைக்கும் உணவு, செய்து பக்கத்து வீட்டு அம்மாளுக்குக் கொண்டுபோனேன். பளபளப்பு இருந்தது, ஆனால் சாப்பிடும் குச்சி பட்டதும் மீன் உதிர்ந்தது, கவிச்சியும் போகவில்லை. அவர் ஒரு குறையும் சொல்லவில்லை. மறுநாள் என் சமையலறைக்கு வந்து, பாட்டிலைத் திருப்பி, பின்பக்கச் சீட்டின் முதல் சொல்லின்மேல் விரலை வைத்தார்: மிசுஅமே, அதாவது மாவுச்சத்துப் பாகு. அதிகமாகச் சேர்த்த பொருளைத்தான் முதலில் எழுத வேண்டும் என்பது இங்குள்ள விதி. முன்பக்கத்தில் "மிரின் ஃபூ", மிரின் போன்றது, என்றுதான் எழுதியிருந்தது. அவர் கொண்டுவந்த பாட்டிலில் மூன்றே பெயர்கள்: மோச்சி அரிசி, அரிசிக் கோஜி, ஷோச்சு. அதில் ஒரு தேக்கரண்டி ஊற்றிக் கொடுத்தார். தேன் நிறத்தில் இருந்தது. தொண்டையை அறுக்காத இனிப்பு.

"சாராயம் சேர்ந்தது எங்கள் வீட்டில் கூடாது" என்பவர்களிடம் எனக்கு வாதமே இல்லை. அசல் மிரினில் சுமார் 14 சதவீதம் ஆல்கஹால் இருக்கிறது; மீன் உதிராமல் இருப்பதற்கும் கவிச்சி போவதற்கும் அதுவும் ஒரு காரணம். வேண்டாதவர்கள் சர்க்கரையையே போடட்டும். அதை மிரின் என்று சொல்ல வேண்டாம், அவ்வளவுதான். விலையைக் காட்டுகிறவர்களை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. மதுவரி இருப்பதால் விலை கூடத்தான் செய்யும். ஆனால் ஒரு வேளைக்குத் தேவைப்படுவது இரண்டு மேசைக்கரண்டிதானே?

"கடையில் இருப்பதெல்லாம் தொழிற்சாலைச் சரக்குதானே" என்றும் ஒருவர் சொன்னார். அதில் பாதி உண்மை இருக்கிறது. ஹொன்-மிரின், அதாவது அசல் மிரின், என்று எழுதியிருந்தாலும் பலவற்றில் ஆலை ஆல்கஹாலும் பாகும் சேர்ந்தே இருக்கின்றன. சட்டமும் அதை அனுமதிக்கிறது. இன்னொரு வகையில், குடிக்க முடியாதபடி உப்பைச் சேர்த்து மதுவரியிலிருந்து விலக்குப் பெறுகிறார்கள். அது தெரியாமல் சோயா சாஸை வழக்கம்போல ஊற்றினால் குழம்பு கரிக்கும். இதற்காகத்தான் பின்பக்கத்தைப் படியுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

கருப்பட்டியில் வெள்ளைச் சர்க்கரை கலந்திருக்கிறதா என்று என் அம்மா உடைத்துப் பார்த்துத்தான் வாங்குவார். அதைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை. தாய்நாட்டில் நாம் காட்டும் அக்கறையை, நமக்குச் சோறு போடும் ஊரின் பொருளுக்கும் காட்டினால் அது மட்டும் ஏன் அலட்டலாகத் தெரிகிறது?

வகுப்பில் கொடுத்த அச்சுத் தாளில் "மிரின் அல்லது சர்க்கரைப் பாகு" என்றிருக்கிறது. ஏற்பாட்டாளர்கள் அந்த வரியைத் திருத்தித் தாளை மறுபடியும் அனுப்ப வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். மோச்சி அரிசி, அரிசிக் கோஜி, ஷோச்சு என்ற அந்த மூன்று பெயர்களையும், கடையில் பாட்டிலோடு ஒப்பிட்டுப் பார்க்கும்படி ஜப்பானிய எழுத்திலும் தமிழிலும் நானே எழுதித் தருகிறேன்.