தண்டல்காரரே தேவலை

சென்னை கொருக்குப்பேட்டையில் எங்கள் தெருவில் தண்டல் (தினமும் வந்து வசூலிக்கும் கடன்) வாங்காத வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். பத்தாயிரம் கேட்டால் பிடித்தம் போக 9,000 கையில் வரும், தினம் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். ஆயிரம்தானே என்று தோன்றும், ஆனால் அசல் நாளுக்கு நாள் குறைவதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் வருஷ வட்டி 80 சதவீதத்தைத் தொடும். பகல் கொள்ளைதான். ஆனாலும் காசிமேட்டில் மீன் எடுத்து விற்கும் அக்காவுக்கு தினமும் காசு புரளும், தினமும் கட்டிவிடுவார்.

போன மாசம் வந்தவாசி பக்கம் அத்தை ஊருக்குப் போனேன். அங்கே நடவு, களை, அறுப்பு என்று வேலை இருந்தால்தான் காசு. தவணை மட்டும் வாராவாரம். மாடு வாங்க என்று எழுதிக்கொடுத்து அத்தை 40,000 குழுக்கடன் எடுத்தார்; குழுவில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள்தான் பொறுப்பு. பாதி மாமாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்குப் போனது, மீதி பழைய குழுக்கடனை அடைக்க. மாடு வரவே இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குக் கோயில் திண்ணையில் தவணை கட்டும் குழுக் கூட்டம். பத்துப் பேரில் ஒருத்தி வரவில்லை. வசூலுக்கு வந்த பையன் (இருபத்திரண்டு வயசு இருக்கும், பாவம், அவனுக்கும் டார்கெட்) "முழுசா வராம நான் கிளம்ப முடியாதுக்கா" என்றான். சத்தம்கூடப் போடவில்லை. களையெடுக்கப் போக வேண்டிய ஒன்பது பெண்களும் எழுந்து அவள் வீட்டு வாசலில் போய் நின்றார்கள், அத்தையும்தான். அவள் அத்தைக்குத் தங்கச்சி முறை. ஒருத்தி கேட்ட கேள்வியை இங்கே எழுத முடியாது.

எங்கள் தெருவில் தண்டல்காரர் கத்தினால் எல்லாரும் அவரைத்தான் திட்டுவோம். அங்கே கத்துவதே பக்கத்து வீட்டுக்காரி.

குழுவாகக் கடன் கொடுப்பதைப் பிரபலமாக்கிய வங்கதேசத்தின் முகமது யூனுசுக்கும் அவரது கிராமீன் வங்கிக்கும் 2006இல் நோபல் கொடுத்தார்கள். 2010இல் ஆந்திராவில் இப்படிக் கடன் வாங்கியவர்களின் தற்கொலைச் செய்திகள் வந்து அவசரச் சட்டமே போட வேண்டியிருந்தது. குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதிக்கு மேல் தவணை போகக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இல் சொன்னது. சரி, அத்தையின் மாத வருமானம் எவ்வளவு என்று யார் சொல்வது? கட்டாய வசூலுக்கு எதிராக 2025 ஏப்ரலில் நம் சட்டப்பேரவையில் மசோதாவும் நிறைவேறியது. ஒன்பது பெண்கள் வாசலில் நின்றதை எந்தப் பிரிவில் சேர்ப்பார்கள்?

பஸ் ஏறும்போது அத்தை மெல்லக் கேட்டார், "அடுத்த செவ்வாய்க்கு ஒரு ஆயிரம் ரூபா இருக்குமா கண்ணு?" அவர் தவணை 490தான். மீதி அந்தத் தங்கச்சிக்காம்.